வெடிக்காத மலை

1

புதுக்கவிதைக்குள் எரிமலை புகுந்து அரை நூற்றாண்டு ஆகிறது. நெஞ்சில் எரிமலை, கண்ணில் எரிமலை, சேரியில் எரிமலை, பேனா முனையில் எரிமலை. எல்லாம் கவிதையின் கடைசி வரிக்குள் தவறாமல் வெடித்துவிடுகின்றன. வெடிக்காத எரிமலை ஒன்றை நான் தமிழ்க் கவிதையில் பார்த்ததில்லை. வெடிக்குமா வெடிக்காதா என்று தெரியாத எரிமலையையும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் சொல்லலாம்.

எரிமலையே இல்லாத தமிழ் நிலத்தில் இந்தப் படிமம் ஏன் இவ்வளவு மலிந்தது என்பது எனக்கு முக்கியமான கேள்வி இல்லை. பார்க்காததை எழுதக் கூடாது என்ற கட்சி என்னுடையதல்ல. என் ஆட்சேபம் வேறு. மலை எரிவதில்லை. ஆழத்தில் உருகிய பாறை, அதில் கரைந்திருக்கும் வாயு, மேலே அடைத்துக் கிடக்கும் கல், ஊறி இறங்கும் மழைநீர் இவற்றுக்கிடையே நாள்கணக்கில், வருஷக்கணக்கில், சில இடங்களில் நூற்றாண்டுக்கணக்கில் நடக்கும் ஒரு பேரத்துக்குத்தான் நாம் எரிமலை என்று பெயர் வைத்திருக்கிறோம். பேரம் முறிந்தால் வெடிப்பு. பெரும்பாலும் முறிவதில்லை. இந்த நீண்ட இடைவெளி முழுவதையும் நம் கவிதை கழித்துவிட்டு, கடைசி நொடியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. கோஷத்துக்கு அது போதும். அனுபவத்துக்குப் போதாது.

மார்த்தினீக் தீவின் எமே ஸெஸேரும் எரிமலையைத் தன் படிமமாக்கிக்கொண்டவர்தான். 1913இல் பெலே மலையின் அடிவாரத்துப் பகுதியில் பிறந்தவர். தன் கவிதையை 'பெலே வகை' என்றே சொல்லிக்கொண்டவர். எரிமலை சாஸ்திரத்தில் பெலே வகை என்பதற்கு ஸ்தூலமான அர்த்தம் உண்டு. குழம்பு இறுகலானது. ஓடாது. வாயிலேயே திரண்டு தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். நீண்ட மௌனம், பிறகு ஒரே மூச்சு. ஸெஸேர் அந்த அடைப்பையும் மௌனத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். நம்மவர்கள் எடுத்துக்கொண்டது சத்தத்தை.

2

இந்த இடைவெளியை நேராகச் சந்தித்த ஒரு கலைப்படைப்பு உண்டு. வெர்னர் ஹெர்ஸாக் 1977இல் எடுத்த 'லா சூஃப்ரியேர்'. அரைமணி நேரப் படம். தவிர்க்க முடியாத ஒரு பேரழிவுக்குக் காத்திருத்தல் என்பது அதன் துணைத்தலைப்பு. அந்தப் பேரழிவு வரவில்லை.

குவாதலூப் தீவில் லா சூஃப்ரியேர் மலை 1976 ஜூலை 8ஆம் தேதி நீராவியும் சாம்பலுமாகச் சீறியது. ஆகஸ்ட் 15இல் அரசு உத்தரவு போட்டது. பாஸ்-தேர் நகரமும் சுற்றுப்புறமும் காலி செய்யப்பட்டன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டையும் தோட்டத்தையும் கால்நடைகளையும் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வேறிடத்தில் கிடந்தார்கள். போக மறுத்த ஒருவன் இருக்கிறான் என்று படித்துவிட்டு ஹெர்ஸாக் இரண்டு ஒளிப்பதிவாளர்களோடு அந்த நகரத்துக்குள் நுழைகிறார்.

ஆளற்ற தெருக்களில் போக்குவரத்து விளக்குகள் நிறம் மாறிக்கொண்டிருக்கின்றன. பட்டினி நாய்கள். மலையிலிருந்து இறங்கிக் கடலில் விழுந்து செத்த பாம்புகள் பற்றிய செய்தி. மலையுச்சியில் புகை. இதற்கு நடுவே, மரத்தடியில் ஒரு பூனையோடு தூங்கிக்கொண்டிருக்கிறான் அந்த மனிதன். எழுப்பிக் கேட்கிறார்கள். எங்கே போவது, என்னிடம் ஒன்றுமில்லை, சாவு கடவுள் கையில் இருக்கிறது என்கிற பாவத்தில் பேசுகிறான். இன்னும் இருவர் கிடைக்கிறார்கள். பிறகு படம் முடிந்துவிடுகிறது. மலை வெடிக்கவில்லை. படமெடுக்க வந்ததே அபத்தமாகிவிட்டது என்ற தொனியில் இயக்குநரே பேசுகிறார். தன் நினைவில் நிற்கப்போவது எரிமலை அல்ல, அங்கே கறுப்பு ஜனங்கள் வாழும் கவனிப்பாரற்ற வறுமைதான் என்றும் சொல்கிறார்.

இந்த நேர்மையை நான் குறைத்து மதிக்கவில்லை. உச்சம் வராமலே முடிவதைத் தன் உருவமாக ஏற்றுக்கொள்கிற படங்கள் அபூர்வம். ஆனால் ஏற்றுக்கொண்டது பாதி மனதோடுதான் என்று எனக்குப் படுகிறது. வாக்னரின் இசையைக் கொண்டுவந்து, வராத அழிவுக்கு ஈடு கட்டுகிறார். மரத்தடி மனிதனை மரணத்தைக் கடந்த ஞானியாகக் காமிரா நெருங்குகிறது. அவன் சொன்னதோ தனக்குப் போக்கிடம் இல்லை என்பது. போக்கிடம் இல்லாததும் பற்றற்றதும் ஒன்றல்ல. ஏழையின் கையறுநிலையைத் தத்துவமாக்கிப் பார்க்கிற சபலம் நம் சிறுகதைகளுக்கும் நன்றாகத் தெரிந்ததுதான்.

இன்னும் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. மலையைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களைப் படம் கவனிக்கவேயில்லை.

3

அந்த 1976 ஆகஸ்டில் உண்மையான நாடகம் நடந்தது மலைவாயில் மட்டுமல்ல, ஒரு பிடி சாம்பலிலும். பாரிஸ் புவி இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநர் க்ளோத் அலேக்ர் ஒரு பக்கம். அதே நிறுவனத்தில் எரிமலைத் துறையை நடத்திய ஹாரூன் தாஸியெஃப் மறுபக்கம். சாம்பலில் புதிய கண்ணாடித் துகள் இருப்பதாக ஒரு தரப்பு சொன்னது. இருந்தால், புதுக் குழம்பு மேலே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துத் தீவில் 1902 மே 8இல் ஸாங்-பியேர் நகரத்தைச் சில நிமிஷங்களில் அழித்து ஏறக்குறைய 28,000 பேரைக் கொன்றதே பெலே, அது இங்கேயும் நடக்கலாம் என்று அர்த்தம். இல்லையென்றால், சூடேறிய நிலத்தடி நீர் பழைய பாறையை நொறுக்கித் துப்புகிறது, அவ்வளவுதான். தாஸியெஃப் இதைத்தான் சொன்னார். ஆகஸ்ட் 30இல் அவரும் அலேக்ரும் மற்றவர்களும் உச்சியில் இருந்தபோதே மலை சீறியது. கல்மழையில் சிக்கி மீண்டார்கள். அதற்குப் பிறகும் தாஸியெஃப் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வருஷமே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பரில் பாரிஸில் கூடிய சர்வதேச நிபுணர் குழு ஆபத்து குறைந்துவிட்டதென்றது. ஜனங்கள் திரும்பினார்கள். கண்ணாடித் துகள் புதியதல்ல என்று தெரியவந்தது.

ஆக, தாஸியெஃப் சொன்னது சரி என்று கதையை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை அவ்வளவு சுலபமாக விடவில்லை. குழம்பு உண்மையிலேயே ஆழத்தில் கொஞ்சம் மேலேறி, வழியில் நின்று, குளிர்ந்து போயிருக்கலாம் என்று அவை சொல்கின்றன. பிறக்காமலே செத்த வெடிப்பு. அன்று நிலநடுக்கமானி எழுதிய ஆயிரக்கணக்கான சிறு கோடுகள் பொய்யல்ல. வெடிக்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது.

இதில் எனக்கு ஒரு விமர்சனப் பிரச்னை தெரிகிறது. தீர்ப்பு பலித்துவிட்டால் தீர்ப்புச் சொன்னவனின் பார்வையும் சரியானது என்று எடுத்துக்கொள்கிறோம். இலக்கியத்திலும் இதே வழக்கம்தான். இன்னார் தேறமாட்டார் என்று முப்பது வருஷத்துக்கு முன் சொன்னேன், பார்த்தீர்களா என்று மார்தட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எதைப் பார்த்துச் சொன்னார்கள், எந்தத் தடயத்தை எப்படி எடை போட்டார்கள் என்பதுதான் விமர்சனம். பலிப்பது ஜோஸ்யத்துக்கும் உண்டு.

4

தவறான எச்சரிக்கைக்கு விலை உண்டு. குவாதலூப்புக்குப் பிறகு எரிமலை உள்ள நாடுகளின் அதிகாரிகள் அந்த விலையைத் தெரிந்துகொண்டார்கள். சரியான எச்சரிக்கை அலட்சியப்படுத்தப்படுவதற்கு உள்ள விலை கொலம்பியாவில் 1985இல் தெரிந்தது.

நெவாதோ தெல் ரூயிஸ் பனிமூடிய மலை. அதன் அபாயங்களைக் குறித்த வரைபடம் அந்த அக்டோபரிலேயே தயாராகிவிட்டது. சேறு எந்தப் பள்ளத்தாக்கு வழியாக வரும், எந்த ஊரை மூடும் என்பது அதில் இருந்தது. ஆர்மேரோ அதில் இருந்தது. நவம்பர் 13 மாலை ஊரில் சாம்பல் பெய்தது. அமைதியாக வீட்டிலிருக்கும்படி சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் மலை வெடித்தது. பெரிய வெடிப்பு அல்ல. ஆனால் அது உருக்கிய பனி, மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு எழுபது கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வந்தது. வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மேட்டுக்கு நடந்து போக அந்த நேரம் போதும். ஏறக்குறைய 23,000 பேர் செத்தார்கள். பின்னால் இதை விரிவாக ஆராய்ந்த பாரி வாய்ட், கருவிகளும் விஞ்ஞானமும் தவறவில்லை, மனிதத் தயக்கமும் தப்புக்கணக்கும் அதிகார வர்க்கத்தின் குறும்பார்வையும் சேர்ந்துதான் இதைச் செய்தன என்ற முடிவுக்கு வந்தார். முன்கூட்டியே ஊரைக் காலி செய்யும் செலவையும், எச்சரிக்கை பொய்த்தால் வரும் கெட்ட பெயரையும் ஏற்க யாரும் தயாராக இல்லை.

வரைபடம் இருந்தது. அதைப் படித்தவர்கள் மனத்தில் அது ஒரு காட்சியாக விழவில்லை. இங்கேதான் இது கலையின் பிரச்னையாகிறது.

5

ஆர்மேரோவுக்குப் பிறகு இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் மோரிஸ், கட்யா க்ராஃப்ட் தம்பதி. வாழ்நாளெல்லாம் தீக்குழம்பின் விளிம்பில் நின்று படமெடுத்த பிரெஞ்சுக்காரர்கள். சேற்றுப்பெருக்கு எப்படி வரும், கொதிக்கும் சாம்பல்மேகம் மலைச்சரிவில் எப்படி இறங்கும் என்று அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் காட்ட மோரிஸ் ஒரு பாடப்படம் தொகுத்தார். அது முழுமையாக முடியுமுன்பே, 1991இல், பிலிப்பைன்ஸின் பினாடூபோ மலையைச் சுற்றியிருந்தவர்களுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டது. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் சும்மா கிடந்த மலை. அதை எரிமலை என்றே பலருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தவர்கள் நம்பினார்கள். ஜூன் 15இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று நிகழ்ந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே இல்லாமலிருந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம். பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 3இல், ஜப்பானின் உன்ஸென் மலையில் அதே போன்ற சாம்பல்மேகத்தில் சிக்கி மோரிஸும் கட்யாவும் இறந்துபோயிருந்தார்கள். அன்று அங்கே மாண்டவர்கள் 43 பேர்.

வெற்றிக்கதையாக இதையும் முடித்துவிடக் கூடாது. மலையிலிருந்து இறக்கப்பட்ட ஏட்டா பழங்குடியினரின் குழந்தைகள் பலர் பிறகு முகாம்களில் தட்டம்மையால் செத்தார்கள். மலையைக் கண்காணித்த அளவுக்கு முகாமை யாரும் கண்காணிக்கவில்லை.

2022இல் க்ராஃப்ட் தம்பதி பற்றி இரண்டு படங்கள் வந்தன. ஸாரா டோஸாவின் படம் அவர்களைக் காதலர்களாக்கியது. ஹெர்ஸாகின் படம், நாற்பத்தைந்து வருஷம் கழித்தும், இரங்கற்பா பாடியது. இரண்டிலும் காட்சிகள் அபாரம். இரண்டின் மனமும் தீயின் அழகுக்கே சாய்கிறது. ஊராட்சித் தலைவர்களையும் விவசாயிகளையும் உட்காரவைத்து ஓட்டப்பட்ட அந்தப் பாடப்படத்தைத்தான் நான் அவர்களுடைய முக்கியமான சிருஷ்டி என்பேன். பயன் கருதிச் செய்தது கலையாகாது என்ற பழைய வாதத்தை இங்கே யாரும் எடுக்க வேண்டாம். இல்லாத ஒன்றை, இன்னும் வராத ஒன்றை, எதிரில் உட்கார்ந்திருப்பவனின் பிரக்ஞையில் உண்மையாக நிறுத்திக்காட்டுவது கலையில்லை என்றால் வேறு எது?

6

பினாடூபோவில் பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்த எச்சரிக்கைப் படிகள் ஐந்து. மூன்றாம் படியின் சாரம், இந்தப் போக்கு நீடித்தால் இரண்டு வாரத்துக்குள் வெடிக்கக்கூடும் என்பது. நான்காம் படி, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வெடிக்கக்கூடும் என்பது. ஐந்தாம் படி, வெடித்துக்கொண்டிருக்கிறது. முன்னிரண்டு வாக்கியங்களில் உள்ள அந்த 'கூடும்' கோழைத்தனம் அல்ல. இரவு பகலாக ஊசிகளையும் வாயுக்கணக்கையும் பார்த்து எழுதிய சொல். மலை அமைதியானதும் உடனே படியை இறக்கிவிடவும் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். காரணம் உண்டு. மே மாதம் 13ஆம் தேதி நாளொன்றுக்குச் சுமார் 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்ஸைடு 28ஆம் தேதி 5,000 டன்னைத் தாண்டியது. பிறகு ஜூன் முதல் வாரத்தில் மளமளவென்று குறைந்தது. மலை ஓய்கிறது என்று நினைத்துவிட்டிருக்கலாம். வாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்றும் படிக்கலாம். இரண்டாவதுதான் நடந்தது.

குறைவதை ஆபத்தாகப் படிக்கத் தெரிந்த கண், 'கூடும்' என்ற சொல்லுக்கு உயிரைப் பணயம் வைக்கிற பொறுப்பு. நம் கவிதையில் எரிமலை வருகிறபோது இவை இரண்டும் கூட வருவதில்லை. அங்கே ஐந்தாம் படி மட்டும்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து நான்குவரை எழுத ஆளில்லை.

சேரியில் எரிமலை என்று எழுதியவர் சேரிக்குள் போய், எங்கே வாயு குறைந்திருக்கிறது என்று பார்த்திருந்தால், அந்தக் கவிதை வேறு மாதிரி இருந்திருக்கும். அநேகமாக அதில் எரிமலை என்ற சொல்லே இருந்திருக்காது.