நீலகிரிக் கசப்பு

பெங்களூரில் மாலை மழை விட்டதும் கையில் ஏந்த ஏற்றது ஜின் டானிக். அதன் உயிர் ஜின்னில் இல்லை, டானிக்கின் கசப்பில்தான் இருக்கிறது என்பேன். அந்தக் கசப்பு கொயினா. சிங்கோனா மரப்பட்டையில் இருப்பது. 1820-இல் பிரான்ஸில் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1860-களில் அந்தத் தென்னமெரிக்க மரம் நீலகிரிக்கு வந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வேரூன்றியது. மலேரியாவுக்கு அஞ்சிய வெள்ளைக்காரர்கள் மருந்தைச் சோடாவிலும் சர்க்கரையிலும் கரைத்துக் குடித்தார்கள், ஜின்னும் சேர்ந்துகொண்டது.

அந்த மலேரியாவின் கதையிலும் பெங்களூருக்கு ஓர் இடமுண்டு. 1883-இல் இங்கே ராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ், தன் பங்களாவை அடுத்திருந்த தண்ணீர்ப் பீப்பாயில் கொசுக்கள் பெருகுவதைக் கண்டார். கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியை அவர் கண்டது 1897-இல், செகந்திராபாத்தில்.

இனி, பானத்தைக் கலக்கும் விதம். உயரமான தம்ளர் நிறையப் பெரிய ஐஸ் கட்டிகள் வேண்டும். சின்னவை சீக்கிரம் கரைந்து ருசியைக் கெடுத்துவிடும். 60 மில்லி ஜின். அதைப்போல இரண்டு மடங்கு டானிக், நன்றாகக் குளிர்ந்தது, நுரை அடங்காதபடி ஓரமாக மெல்ல ஊற்ற வேண்டும். நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒருமுறை தூக்கிவிட்டால் போதும். எலுமிச்சைத் தோலை மேலே முறுக்கினால் அதன் எண்ணெய் தெறித்து, ஜின்னுக்குள் இருக்கும் ஜூனிபரின் பைன் வாசனையோடு கலக்கும். சாறு பிழியாதீர்கள், புளிப்பு கசப்பை மூடிவிடும்.

பப்பில் புறஊதா விளக்கு எரிந்தால் தம்ளரை அதன் அடியில் பிடித்துப் பாருங்கள். கொயினா இளநீலமாக ஒளிரும்.