கூம்பு என்னும் சொல்

கூம்புதல் என்பதற்குக் குவிதல் என்பது பொருள். மாலையில் தாமரை கூம்பும். ஸந்நிதியில் அடியார் கைகள் கூம்பும். மேல்நோக்கிக் குவிந்து ஒடுங்குதலால் பாய்மரத்திற்கும் இப்பெயர் பொருந்துகிறது. புறநானூற்று 30ஆம் பாட்டிலேயே அப்பொருளில் வழங்குகிறது.

வித்துவக்கோட்டம்மானைப் பாடும் பெருமாள் திருமொழி ஐந்தாம் பதிகத்தில், கடலெங்கும் பறந்து கரை தெரியாமல் திரும்பும் பறவை வந்தடைவது வங்கத்தின் கூம்பையே. இதனை நாச்சியார் திருமொழியில் வைகுந்தனைக் குறிக்கும் தோணியோடு ஒன்றாக்கி, துன்பக்கடல் கடத்தும் கலம் என்று மட்டும் உரைப்பது போதாது. தோணி கடத்துவது, அங்கு உபாயத்வம் தோன்றும். கூம்போ பறவையைக் கரை சேர்ப்பதாகப் பேசப்படவில்லை. வேறு புகலின்மையால் அது மீண்டு பற்றும் இடமாகவே நிற்கிறது. ஆழ்வார் அங்கு நாடுவது கரையை அன்று, அம்மான் திருவடியையே. ஆதலின் அநந்யகதித்வமே அப்பாசுரத்தின் உயிர். அதனைத் தாங்குவது கூம்பு என்னும் ஒரு சொல்.