யாருடைய கூரை?

2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின் விதிகளை ஒரு பிரதியாக வாசித்தேன். சொந்த வீடு, தகடு பதிக்கத் தோதான மேற்கூரை, மின் இணைப்பு இருந்தால் மானியம். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். தகுதி வரிகளில் சாதி இல்லை. சொத்து என்கிற நிபந்தனையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சிறுசேரியில் சிப்காட் பூங்கா விடிய விடிய எரியுது. சுத்துப்பட்டுச் சேரிகளில் எங்க சனத்துக்குக் கூரைன்னா ஓலை. ஓலை மேல தகட்ட எப்படி வைக்கிறது? 2011இல் தமிழக அரசின் பசுமை வீடு திட்டம் 300 சதுர அடி வீட்டோடு சூரிய விளக்கும் தந்தது. அதற்கும் பட்டா கேட்டார்கள்.

மனை யார் பேரில் என்ற கேள்வி பழசு. பறையர்களின் குடியிருப்பு மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததை 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் அரசுக்கு எழுதினார். அதன் பின்னரே பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

மின்சாரத்தைத் திட்டமிடுகிறவர்கள் கூரையைப் பார்த்துத் தொடங்குகிறார்கள், மனையிலிருந்து தொடங்கணும். முதலில் பட்டா கொடு. அதுவரை சேரிப் பொதுஇடத்தில் பொதுத் தகடு வை. கணக்கு எங்க பெண்கள் கையில் இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாத திட்டம், ஊர்த்தெரு வரைக்கும் வந்து நின்றுவிடும்.