முதலாளியின் மனசாட்சி

எந்தத் தீர்ப்பை வாசித்தாலும் அதில் யாருக்கு முகம் இருக்கிறது, யார் வெறும் எண்ணிக்கையாக வருகிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஜூன் 30 அன்று வழங்கிய 'பர்வெல் எதிர் ஹாபி லாபி' தீர்ப்பில் டேவிட் கிரீனுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் நல்ல முகம் இருக்கிறது. ஓக்லஹோமாவைத் தலைமையிடமாகக் கொண்டு அப்போது 500 கைவினைப் பொருள் கடைகளை நடத்திவந்தவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை, அதனால் ஆண்டுதோறும் பல மில்லியன் டாலர் விற்பனை போகிறது. மதுவுக்குத் துணைபோகும் வியாபாரத்தைத் தொடுவதில்லை. ஏசுவை அறிந்துகொள்ளும்படி நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் தருகிறார்கள். நீதிபதி சாமுவேல் அலிட்டோ இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார்.

அந்தக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் 13,000-க்கும் அதிகம். அவர்கள் எங்கே வருகிறார்கள் என்று தேடினேன். முக்கியமாக ஒரு பெருக்கல் கணக்கில் வருகிறார்கள். சட்டத்தை மீறினால் ஓர் ஊழியருக்கு நாளொன்றுக்கு 100 டாலர் அபராதம். ஆக, கிரீன் குடும்பம் தினமும் 13 லட்சம் டாலர், ஆண்டுக்கு ஏறத்தாழ 47.5 கோடி டாலர் கட்ட வேண்டும். முதலாளியின் மத நம்பிக்கை எவ்வளவு நசுக்கப்படுகிறது என்பதைக் காட்டவே ஊழியர்களின் தலைகள் எண்ணப்பட்டன.

வழக்கின் பின்னணி சுருக்கமாக: 2010-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், பெண்களுக்கான நோய்த்தடுப்புச் சேவைகளைக் கையிலிருந்து காசு வாங்காமல் தர வேண்டும் என்றது. எந்தெந்தச் சேவைகள் என்று 2011-இல் வந்த பட்டியலில், அரசு மருந்து நிர்வாகம் அனுமதித்த எல்லாக் கருத்தடை முறைகளும் சேர்ந்தன. அவை இருபது. அவற்றில் நான்கை ஹாபி லாபி எதிர்த்தது: இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகள், கருப்பையில் பொருத்தும் இரண்டு சாதனங்கள். கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதை இவை தடுக்கக்கூடும், அது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரியா என்று பார்ப்பது தன் வேலையல்ல என்றது நீதிமன்றம். (அந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றான பிளான் பி, முட்டை பதிவதைத் தடுப்பதில்லை என்று அதே மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் அதன் விவரக் குறிப்பைத் திருத்தியது. தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகள் கழித்து.)

மத சுதந்திரம் என்றதும் உதட்டைப் பிதுக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. ஹாபி லாபி பயன்படுத்திய 1993-ஆம் ஆண்டின் மத சுதந்திர மீட்புச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். ஓரிகான் மாநிலத்தில் போதை மறுவாழ்வு ஆலோசகர்களாக இருந்த ஆல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் என்ற இருவர், பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையின் சடங்கில் பெயோட்டி என்ற கள்ளியை உட்கொண்டார்கள். வேலை போனது. வேலையற்றோருக்கான உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990-இல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. அதற்கு எதிர்வினையாகவே இடதும் வலதும் சேர்ந்து இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன. செனட்டில் எதிர்த்து விழுந்தவை மூன்றே வாக்குகள். வேலையிழந்த இரு தொழிலாளிகளின் துயரத்தில் பிறந்த சட்டம், இருபது ஆண்டுகளில், தன் தொழிலாளிக்கு எது கிடைக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை முதலாளிக்குத் தந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்தச் சட்டத்தின்படி, ஒரு 'நபரின்' மத ஒழுகலுக்கு அரசு பெரும் சுமை ஏற்றினால், அதற்கு மிக வலுவான பொதுநலன் இருக்க வேண்டும். அதை அடைய அதைவிடக் குறைந்த சுமையுள்ள வழி இருக்கக் கூடாது. சிலர் கையில் மட்டும் பங்குகள் உள்ள நிறுவனமும் நபர்தான் என்று பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது. விமர்சகர்கள் பலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நிறுவனம் எங்கே மண்டியிட்டு ஜெபிக்கும் என்று கேலி செய்தார்கள். என்னை நிறுத்தியது அடுத்த படி. பெண்களுக்குச் செலவில்லாமல் கருத்தடை கிடைப்பது வலுவான பொதுநலனா? இதை ஆராயத் தேவையில்லை, அப்படியே என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு அலிட்டோ நகர்ந்துவிடுகிறார். கிரீன் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை விவரிக்கப்பட வேண்டியது. பெண்ணின் உடலோ வைத்துக்கொள்ளப்பட வேண்டியது!

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். அவருடைய 35 பக்க மாறுபட்ட தீர்ப்பு, தன் பிள்ளைப்பேற்றைத் தானே தீர்மானிக்க முடிந்தால்தான் பெண் பொருளாதார வாழ்வில் சமமாக நிற்க முடியும் என்பதிலிருந்து தொடங்குகிறது. கருப்பையில் பொருத்தும் சாதனத்துக்கு ஆகும் செலவு, குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்ணின் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் என்று கணக்கு வைக்கிறார். இதே தர்க்கத்தில் ரத்தம் ஏற்றுவதையும் தடுப்பூசியையும் நாளை ஒரு முதலாளி மறுக்கலாமே என்று கேட்கிறார். அவர் பக்கம் நின்றவர்கள் சோட்டோமேயர், கேகன், பிரேயர். பெரும்பான்மையின் ஐவரும் ஆண்கள். அன்று அமர்வில் இருந்த மூன்று பெண்களும் எதிர்த்தரப்பில். இதை மட்டும் வைத்து வாதம் கட்ட நான் விரும்பவில்லை. பின்னால் வரப்போகும் கன்னியாஸ்திரிகளும் பெண்களே.

அவர் இன்னும் அழுத்தியிருக்கலாம் என்று நான் நினைப்பது கூலி பற்றி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது, ஆட்களை இழுக்க முதலாளிகள் காப்பீட்டைத் தரத் தொடங்கினார்கள், அது நிலைத்துவிட்டது. அந்தக் காப்பீடு உழைப்புக்கான ஊதியத்தின் இன்னொரு வடிவம். சம்பளப் பணத்தில் மாத்திரை வாங்குவதை முதலாளி தடுக்க முடியாது. அதே உழைப்புக்கு ஈடாக வந்த காப்பீட்டில் வாங்கும்போது மட்டும் அவர் மனசாட்சி எப்படி உள்ளே வருகிறது?

பெரும்பான்மை ஒரு சமாதானம் சொன்னது. மத அடிப்படையிலான, லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அரசு ஏற்கெனவே ஒரு மாற்று வழி வைத்திருந்தது: ஆட்சேபம் தெரிவித்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் போதும், காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பெண்களுக்குக் கருத்தடைச் செலவைத் தரும். அதையே ஹாபி லாபிக்கும் நீட்டிக்கலாம், பெண்களுக்கு இழப்பு ஏதுமில்லை என்றது தீர்ப்பு. மூன்றே நாளில், ஜூலை 3 அன்று, அந்தப் படிவத்தை நிரப்புவதும் பாவத்துக்குத் துணைபோவதே என்ற வீட்டன் கல்லூரிக்கு அதே நீதிமன்றம் இடைக்கால விலக்கு அளித்தது. இந்த நீதிமன்றத்தின் சொல்லை இனி நம்ப முடியாது என்ற பொருளில் சோட்டோமேயர் எழுதினார். கேகனும் கின்ஸ்பர்கும் சேர்ந்துகொண்டார்கள்.

அதே படிவத்தை எதிர்த்து வந்தவர்கள்தான் 'ஏழைகளின் சின்னஞ்சிறு சகோதரிகள்'. 1839-இல் பிரான்சில் ழான் ஜூகான் தொடங்கிய சபை, கைவிடப்பட்ட முதியவர்களைப் பராமரிக்கிறது. கிரீன் குடும்பத்தோடு இவர்களை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. வறுமையை நேர்ந்துகொண்ட பெண்கள் ஒரு கையெழுத்தில் பாவத்தைக் கண்டால் அதை நான் பாசாங்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முதியோர் இல்லங்களில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் துறவு பூண்டவர்கள் அல்லர். சகோதரிகளின் விரதம் அவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு 2016-இல் எட்டு நீதிபதிகளோடு இருந்த நீதிமன்றம் பதில் சொல்லாமல், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கீழ் நீதிமன்றங்களுக்குத் திருப்பி அனுப்பியது.

பிறகு டிரம்ப் அரசு, மத ஆட்சேபமோ நெறி சார்ந்த ஆட்சேபமோ உள்ள முதலாளிகள் படிவம்கூட நிரப்பாமல் விலகிக்கொள்ள விதி செய்தது. 2020 மே மாதம் அந்த வழக்கின் விசாரணையில் கின்ஸ்பர்க் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கேள்வி கேட்டார். ஜூலை 8 அன்று 7-2 என்று விதி நிலைத்தது. 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை இலவசக் கருத்தடையை இழப்பார்கள் என்பது அரசே போட்ட மதிப்பீடு. அவர்கள் 'டைட்டில் டென்' நிதியில் நடக்கும் குடும்பநல மையங்களுக்குப் போகலாம் என்றது அரசுத் தரப்பு. அந்த மையங்கள் வசதியற்றவர்களுக்காக ஏற்பட்டவை, ஏற்கெனவே திணறுபவை என்று எழுதினார் கின்ஸ்பர்க். அதற்கு முந்தைய ஆண்டுதான், கருக்கலைப்புக்குப் பரிந்துரைப்பதைத் தடை செய்த புதிய விதியால் பிளான்டு பேரன்ட்ஹூட் மையங்கள் அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறியிருந்தன.