உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப்: ஒரு புகார்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் ரெக்கார்டு நோட்டைப் போன வாரம் புரட்டிக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப். படம், செய்முறை, காண்பன, அறிவன எல்லாம் பக்காவாக இருந்தது. "எவ்வளவு ஏறிச்சு?" என்று கேட்டேன். "இன்னும் லேப்ல பண்ணவே இல்லப்பா. ரெக்கார்டை முதல்ல முடிக்கச் சொல்லிட்டாங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் செய்யாமலேயே முடிவு எழுத முடிகிற சோதனையில் என்ன கோளாறு?

செய்முறை தெரிந்ததுதான். தோல் சீவிய உருளைக்கிழங்கில் ஒரு குழி. அதில் சர்க்கரைக் கரைசல், மட்டத்தைக் குறிக்க ஒரு குண்டூசி. கிழங்கைத் தண்ணீரில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் குழியில் மட்டம் ஏறும். வேகவைத்த கிழங்கில் ஏறாது, ஏனென்றால் செல்களின் சவ்வு சிதைந்துவிட்டது. இந்த ஒப்பீடு அருமையான யோசனை. சோதனையின் உயிரே அதுதான். பல ரெக்கார்டுகளில் அது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

முதல் புகார்: இதில் எண்ணே இல்லை. "ஏறியது" என்பது திசை மட்டும்தான். அதனால்தான் பார்க்காமலே எழுத முடிகிறது.

மாற்று ரொம்ப எளிது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்தோம். ஆறு டம்ளர். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றவற்றில் 100 மில்லி கரைசலுக்கு 3.4, 6.8, 10.3, 13.7, 17.1 கிராம் சர்க்கரை, அதாவது 0.1 முதல் 0.5 மோலார் வரை. ஒரே அளவில் நறுக்கிய துண்டுகளை நகை எடை போடும் சின்னத் தராசில் நிறுத்துப் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தை ஒற்றி எடுத்து மறுபடி நிறுத்தோம். முதல் மூன்றும் எடை கூடி விறைப்பாக இருந்தன, கடைசி மூன்றும் எடை குறைந்து துவண்டன. கிராஃபில் கோடு பூஜ்யத்தைத் தொட்ட இடம் 0.2-க்கும் 0.3-க்கும் நடுவில். அதுதான் அந்தக் கிழங்குக்கு ஐசோடானிக். இதை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. கிழங்குக்குக் கிழங்கு மாறும்.

இரண்டாவது புகார், வார்த்தை மேல். ஐசோடானிக்கை நாம் "ஒத்த செறிவு" என்று படிக்கிறோம். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டு மறுபடி செய்தபோது, எடை மாறாத புள்ளி 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. சர்க்கரையில் அது 7-லிருந்து 10 சதவீதத்துக்குள். "ரெண்டும் எப்படிப்பா ஒத்த செறிவு?" என்றாள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் மாட்டும் பாட்டில்களைப் பாருங்க: உப்பு 0.9 சதவீதம், குளுக்கோஸ் 5 சதவீதம், இரண்டுமே ரத்தத்துக்கு ஐசோடானிக். கணக்கு எடையில் இல்லை, துகள்களின் எண்ணிக்கையில். உப்பு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது, சர்க்கரை பிரிவதில்லை.

இதைத் தாவரச் செல்களை வைத்தே முதலில் அளந்து காட்டியவர் டச்சு தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ். 1884-ல் அவர் போட்ட கணக்கில் சர்க்கரைக்கு 2 என்றால் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு 3. உப்புகள் கரைசலில் பிரிகின்றன என்று அர்ரீனியஸ் 1887-ல் வாதிட்டபோது, இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கிடைத்தது. வேதியியலுக்கே சாட்சி சொன்ன சோதனையை நாம் ஒரு குண்டூசியோடு நிறுத்திவிட்டோம்.

துகள் எண்ணிக்கை மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ரத்தச் சிவப்பணுவை 0.3 மோலார் யூரியாவில் போட்டால், எண்ணிக்கை சமமாக இருந்தும் அணு வெடித்துவிடும். யூரியா சவ்வைத் தாண்டி உள்ளே போகிறது, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. ஆக டானிசிட்டி என்பது கரைசலின் குணம் மட்டும் அல்ல, கரைசலுக்கும் சவ்வுக்கும் உள்ள உறவு. "செறிவு" என்ற சொல் அந்த உறவை மறைத்துவிடுகிறது. ஐசோடானிக் என்றே சொல்லிக்கொடுத்தால்கூடப் பரவாயில்லை.

ஆஸ்மாஸ்கோப்பைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. கூடவே ஒரு தராசு வையுங்கள், "காண்பன" பத்தியைக் காலியாக விட்டு லேபுக்கு அனுப்புங்கள், போதும். மகள் நோட்டில் பழைய முடிவு அப்படியே இருக்கிறது, மார்க் அதற்குத்தான். கிராஃப் தனித்தாளில், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.