ரேஞ்சர் வேஷத்துக்கு ஜிகினா வேண்டாம்!

வேஷம் கட்ட ஆசை இருந்தும் பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டுச் சும்மா இருப்பவர்களா நீங்கள்? ரேஞ்சர் உடை தையுங்கள்! சூப்பர் ஹீரோ என்றால் உடம்போடு ஒட்டும் துணி தேடி அலைய வேண்டும். இளவரசி என்றால் பாவாடைக்கே பாதிப் பணம் போய்விடும். காட்டில் திரியும் ரேஞ்சருக்கு அந்தக் கவலையே இல்லை. துணி மங்கியிருந்தால் அழகு, ஓரம் பிய்ந்திருந்தால் அழகு, கைத்தையல் கோணலாகப் போயிருந்தால் இன்னும் அழகு!

என் மனதில் இருந்தவர் அரகார்ன்தான். டோல்கியனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-55இல் வந்த நாவல். அதில் வடக்கத்தி ரேஞ்சர்கள் உடுத்துவது கருஞ்சாம்பல் மேலங்கி. பொன் கிடையாது, மணி கிடையாது, இடது தோளில் நட்சத்திர வடிவில் ஒரு வெள்ளி ஊக்கு மட்டும். 2001இல் வந்த முதல் படத்துக்கு உடை வடிவமைத்தவர் நைலா டிக்சன். அரகார்னாக நடித்த விகோ மார்டென்சன், கிழிந்த உடையைத் தானே ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொள்வாராம். ராஜ பரம்பரை நாயகனே ஒட்டுப்போட்ட துணியில் நடக்கிறான், நமக்கு என்ன குறைச்சல்?

மேலங்கிக்கு நான் எடுத்தது காடாத் துணி. சென்னை கோடவுன் தெருவில் பெரிய பன்னாவாகக் கேட்டு, 58 அங்குல அகலத்தில் 3 மீட்டர் வாங்கினேன். கணக்கு எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! துணியைத் தரையில் விரித்து, ஒரு கரையின் நடுவில் நூலைப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸ் கட்டி 58 அங்குலத்தில் அரைவட்டம் போட வேண்டும். அதே நடுவில் 6 அங்குலத்தில் கழுத்துக்கு ஒரு சின்ன அரைவட்டம். துணியின் கரையே முன்பக்க விளிம்பாகிவிடுவதால் அங்கே மடித்து அடிக்கும் வேலையே இல்லை. வெட்டியது போக இரண்டு மூலைகள் மிஞ்சுகின்றன அல்லவா? அவற்றிலிருந்தே தலைமூடியின் இரண்டு பாதிகளும் கிடைத்துவிட்டன! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வெட்டிய மேலங்கியை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, கிராஸாக வரும் பகுதி எவ்வளவு இறங்குகிறதோ இறங்கிய பிறகு, கீழ் ஓரத்தைச் சமமாக்கி அடியுங்கள்.

அடுத்ததுதான் என்னைச் சொக்க வைத்த கட்டம்: சாயம். கடையில் சாய டப்பாவைத் தொடவே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த்தூளும் அன்னபேதியும் வாங்கினேன். கஞ்சி போகத் துவைத்த துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துக் காயப்போட்டால் வெளிறிய மஞ்சள்தான் தெரியும். அதை அன்னபேதி கரைத்த தண்ணீரில் முக்கியதும், கண்ணெதிரே மஞ்சள் கறுத்து, பாசியேறிய பாறையின் நிறத்துக்கு வந்து நிற்கிறது! கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை இது. கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே உறவை நம்பித்தான். அன்னபேதி கூடினால் நூல் இற்றுவிடும். கொஞ்சமாகப் போட்டு, நன்றாக அலசிவிடுங்கள்.

மேலங்கிக்குள் போடும் கையில்லாத ஜெர்கினுக்குத் தோல் கட்டுப்படியாகாது, சோபா தைக்கும் கடையில் மிஞ்சிய ரெக்சின் துண்டு போதும். குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், அதனால் துணி கிளிப்தான். பதினாறாம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக வையுங்கள். பொடித் தையல் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும். மிஷினின் பாதம் ரெக்சினில் ஒட்டி நகர மறுத்தால், நடுவில் டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்துவிடலாம். முன்பக்கம் கயிறு கோக்க வேண்டிய ரிங்குகளைத் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணன் அடித்துக் கொடுத்தார். "நாடகத்துக்காம்மா?" என்று கேட்டவர், கதையைக் கேட்டுவிட்டு, "ராஜான்னா ஒரு ஜரிகையாவது வேணாமா?" என்று வருத்தப்பட்டார்.

தைத்து முடித்தாயிற்றா? இனி பாழாக்க வேண்டும்! தோள், ஓரம் எங்கெல்லாம் தேயுமோ அங்கெல்லாம் உப்புத்தாள். ரெக்சின் மடிப்புகளில் பிரவுன் ஷூ பாலிஷ். கழுத்தோரத்துக்கு டீ டிக்காஷன். புதுத்துணியை இவ்வளவு சந்தோஷமாகக் கெடுத்த அனுபவம் எனக்கு வாழ்நாளில் கிடையாது.

மொத்தச் செலவு 2,000 ரூபாயைத் தொடவில்லை. 2024இல் சென்னைக்கும் காமிக் கான் விழா வந்துவிட்டது, இனி உடுத்திக்கொண்டு போக இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. காடாத் துணி பருத்தி என்பதால் நம் ஊர் வெயிலிலும் அந்த மேலங்கியை வீசி நடக்க முடிகிறது. அந்த வீச்சு இருக்கிறதே, அரைவட்டத் துணி காலைச் சுற்றிச் சுழன்று விழுவது, அதற்காகவே இன்னொன்று தைக்கலாம்! அடுத்தது தம்பிக்கு. அவன் அதே படத்தின் நீளமுடி லெகோலாஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விக் விலையைச் சொன்னால் தானாக ரேஞ்சர் ஆகிவிடுவான்.