வெந்நீரின் விலையும் நட்சத்திர முத்திரையும்

குற்றாலத்தில் சாரல் பொழியும் ஆனி, ஆடி மாதங்களில் அருவியின் குளிர்ச்சி இயற்கை தரும் கொடை. அதே சாரலில், தென்காசி வீட்டுக் குளியலறையில் வெந்நீர் வேண்டுமென்றால் மின்சாரம் செலவாகும். எவ்வளவு செலவாகும் என்று அறிய, கருவியின்மேல் ஒட்டியுள்ள நட்சத்திர முத்திரையைத்தான் நாம் பார்க்கிறோம். அது போதிய விடை தருகிறதா?

முதலில் வெப்பத்தின் மதிப்பைக் காண்போம். பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினாலும், நீரின் வெப்பநிலை ஏழில் ஒரு பங்கு டிகிரிதான் உயரும். நயாகரா அருவிக்கு இத்தகைய கணக்கை ஜேம்ஸ் ஜூல் 1845-இல் போட்டுக் காட்டினார். ஒரு லிட்டர் நீரை 1 டிகிரி சூடாக்கும் ஆற்றல், அதே நீரை 427 மீட்டர் உயரத்திற்குத் தூக்கப் போதுமானது!

இனி முத்திரைக்கு வருவோம். சேமிப்பு வகை வாட்டர் ஹீட்டருக்கு எரிசக்தித் திறன் பணியகம் நட்சத்திரம் வழங்குவது, தேக்கிய வெந்நீர் 24 மணி நேரத்தில் இழக்கும் வெப்பத்தை அளந்துதான். இது நல்ல அளவுகோலே. ஆனால் பாதி உண்மை. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.6 யூனிட் தேவை. ஒரு நட்சத்திரமானாலும் ஐந்து நட்சத்திரமானாலும் இதில் மாற்றமில்லை. குளிக்குமுன் மட்டும் சுவிட்சைப் போடுபவருக்கு நட்சத்திரத்தால் கிடைக்கும் சேமிப்பு சிறிது; நாள் முழுவதும் போட்டு வைப்பவருக்கே பெரிது.

வீட்டில் அமைக்கும் சூடுநீர்த் தொட்டியில் இந்தக் குறை பெரிதாகிறது. வெப்ப இழப்பு அங்கேதான் அதிகம். முத்திரையோ அதற்கு இல்லை. தொட்டி 1000 லிட்டர் கொள்ளும் என்போம். 25 டிகிரி நீரை 39 டிகிரிக்கு உயர்த்த 14,000 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி. ஆக 16 யூனிட்டுக்கு மேல். இது சுமார் 60 வாளி வெந்நீர்க் குளியலுக்குச் சமம். நீர் நாள்தோறும் 5 டிகிரி ஆறினால், அதை ஈடுசெய்ய மட்டும் இரண்டு மாதங்களில் ஏறக்குறைய 350 யூனிட் ஆகும். தமிழக வீடுகளுக்கு 2016-இல் அறிவிக்கப்பட்ட 100 இலவச யூனிட்டைப்போல் இது மூன்றரை மடங்கு. பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதை மறக்கக்கூடாது. நீர் ஆவியாவதே இழப்பின் முதற்காரணம். நல்ல மூடி ஒன்று பெருஞ்செலவைத் தடுக்கும்.

"குறைந்த வாட், குறைந்த செலவு" என்பது தவறான எண்ணம். 3 கிலோவாட் ஹீட்டர் ஐந்தரை மணியில் முடிக்கும் வேலையை 2 கிலோவாட் ஹீட்டர் எட்டு மணியில் முடிக்கும். நீர் ஏற்கும் வெப்பம் ஒன்றே. வாட் அளவு உணர்த்துவது கம்பியின் தேவையை. 3 கிலோவாட்டுக்கு 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் ஓடும். 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. தனி இணைப்பும், நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். ஈர உடம்பில் மின்சாரம் எளிதில் பாயுமன்றோ!

நட்சத்திர முத்திரையை நீக்க வேண்டியதில்லை. அதில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். "ஒருமுறை நிரப்பிச் சூடாக்க இத்தனை யூனிட்" என்று அச்சிட்டால் போதும். அதுவரை லிட்டரை டிகிரியால் பெருக்கி 860-ஆல் வகுத்துப் பாருங்கள். விலைப்பட்டியல் சொல்லாததை அந்த ஒரு கணக்கு சொல்லிவிடும்.